கண்ணுக்கு மேல் கண்

உங்கள் தலைக்கு மேலே தொங்குகிற காலண்டர் இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அய்யா. எழுந்து சரிசெய்துவிட்டு உட்காரலாமா என்று கேட்க நினைத்தேன். ஏட்டய்யா முறைக்கிறார். சரி, இருக்கட்டும். தொழில் புத்தி. கோயிலுக்குப் போனாலும் சாமி கழுத்து மாலை நடுவில் விழுந்திருக்கிறதா என்றுதான் கண் போகிறது.

என் பெயர் தங்கபாண்டி. அல்லிநகரத்தில் டிஜிட்டல் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதை ஒட்டியிருக்கிற பிரவுசிங் சென்டரும் என்னுடையதுதான். ஏட்டய்யாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். அவர் மகள் சடங்கு ஆல்பம் எங்கள் கடையில் செய்தது. முதல் பக்கத்தில் பாப்பா தாவணி கட்டிக்கொண்டு மேகமலை விளிம்பில் நிற்பாள், பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலும் பனியுமாக இருக்கும். பாப்பா மேகமலைக்குப் போனதே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆல்பத்தைப் புரட்டிய சொந்தக்காரர்கள் மட்டும் எப்போது போய்விட்டு வந்தீர்கள், எங்களைக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொண்டார்களாம். அவர்கள் கோபித்துக்கொண்டால்தான் எங்கள் வேலை சுத்தம் என்று அர்த்தம்.

மேசைமேல் நான் வைத்திருக்கிற பொட்டலத்தைக் கடைசியில் பிரிக்கலாம். உள்ளே கண்ணாடி இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை வைப்பதுதான் எல்லாமே. கண்ணாடித் தாள்களை அடுக்குகிற மாதிரி கம்ப்யூட்டரில் அடுக்குவோம். ஒவ்வொரு தாளையும் லேயர் என்பார்கள். அடியில் மலை, அதற்கு மேலே ஆள், அதற்கும் மேலே பூ, எழுத்து, வெளிச்சம். மேலே இருக்கிறதைப் பாதி மங்கலாக்கினால் அடியில் இருப்பது தெரியும். இரண்டையும் பார்த்துப் பார்த்து நகர்த்தி ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். பொருந்திவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளாக அமுக்கிவிடலாம். அதற்குப் பிறகு எது எங்கிருந்து வந்தது என்று படைத்தவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் திலீபன். அவனைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் இரண்டு கையும் துண்டுக்கு அடியில் இருக்கும், விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், முகம் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அவர் யாரையும் இழுத்துப் பிடித்து வாங்கவைத்ததில்லை. எதிராளி தானாக ஓர் அடி எடுத்து வைக்கிற வரைக்கும் காத்திருப்பார். அந்த அடியை அவனே வைத்ததாக அவன் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். நான் ஏழெட்டு வயதிலிருந்து அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான்.

திலீபன் மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். தொண்ணூற்றொன்பதில் இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்டோம். ஒரே தெரு, ஒரே சாதி, முறைக்கு எனக்குப் பங்காளி. அவன் அம்மா மலையம்மாள் எனக்குச் சின்னாத்தா. அப்பா இல்லாத வீடு. அவன் உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பான், நான் வெளியே உட்கார்ந்து பேசுவேன். செத்துப்போன புருசனின் ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டுவந்து, மகள் கல்யாணப் படத்தில் தன் பக்கத்தில் நிற்க வையுங்கள் என்று கேட்பார்கள். திலீபன் வைப்பான். வேட்டி சட்டை உடுத்தி, மகள் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண வைப்பான். அந்தப் பொம்பளைகள் படத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். அழுகை நிற்கும் முன்பே நான் விலையைச் சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். திலீபனுக்கு அது பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் படத்தை அவனேதான் உறையில் போட்டுக் கொடுப்பான்.

கடை நன்றாகப் போனது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். ரெண்டாயிரத்து ரெண்டு தை மாதம், கல்யாண ஆல்பங்கள் மலையாகக் குவிந்து கிடந்த ஒரு மத்தியானத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், துபாயில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்று.

எனக்கு வருத்தம் அவன் போவதில் இல்லை, அய்யா. போகிறவன் போகட்டும். துண்டுக்கு அடியில் இரண்டு கை இருக்கும்போது ஒருவன் சத்தமில்லாமல் கையை உருவிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்து சொல்கிறானே, அதுதான். போகாதே என்றேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். இங்கேயே பெரிய கடையாகப் போடுவோம், மதுரையில் ஒரு கிளை திறப்போம் என்றேன். சிரித்தான். நான் சொல்லி அவன் எதையும் கேட்டதில்லை. அப்படி ஒரு பிடிவாதம். அவனைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, அமைதியானவன் என்றுதான் நினைப்பார்கள்.

அவனுக்கும் உறுத்தல் இருந்திருக்கும்போல. கிளம்புகிற வரைக்கும் தினமும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்தான்.

"கண்ணுக்கு மேல கண்ண வையி, பங்காளி. கண்ணு ரெண்டும் சரியா விழுந்துருச்சுன்னா மூக்கு, வாயி, தோளு எல்லாம் தானா வந்து ஒக்காரும்."

திரையில் நீலக்கோடு இரண்டு இழுத்து, அதில் கண்ணை நிறுத்தப் பழகினேன். அவன் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பிறகு மவுஸை என் கையோடு சேர்த்துப் பிடித்து, நான் நிறுத்திய படத்தை லேசாகத் தட்டி நகர்த்திவிட்டான்.

"இம்புட்டு சுத்தமா வைக்கக் கூடாது. வச்சதுக்குப் பெறகு ஒரு தட்டு தட்டிக் கொஞ்சம் வெலக்கி விடு. உசுரோட இருக்கவன் அளந்து வச்ச மாதிரி நிக்க மாட்டான்."

முதல் பாடம் எனக்குப் பிடித்தது. இரண்டாவது பாடத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஷ்டப்பட்டுச் சரியாக வைத்ததை யாராவது தானே கலைப்பார்களா. வியாபாரிக்கு அது ஆகாத வேலை.

மாசி மாதம் அவன் கிளம்பினான். அன்று சாயங்காலம் தேனியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ், மறுநாள் விமானம். சின்னாத்தா வாசலிலேயே வழியனுப்பிவிட்டது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஒரு துண்டில் முடிந்த சாமி திருநீறு. பஸ் ஏற்றிவிட நான் போகிறேன், நீ அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"ஏலே பாண்டி, அவன் ஏறி ஒக்காந்தத ஒன் கண்ணால பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும்" என்றது.

சொல்கிறேன் என்றேன். பெட்டியைக் கடையில் வைத்துவிட்டோம். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. கடைக்கு நல்ல பின்னணிப் படங்கள் வேண்டும், நீ இருக்கும்போதே கூட வந்து எது நன்றாக இருக்கும் என்று காட்டிவிட்டுப் போ என்றேன். உடனே வண்டியில் ஏறிக்கொண்டான். சின்னமனூர் தாண்டி மேலே ஏறினோம். அப்போது மேகமலை ரோடு ரோடாக இருக்காது, உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். துபாயில் ஒரு வருஷம் பார்த்துவிட்டு உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் தாடை ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் இடித்தது.

மலையில் ஒரு வளைவுக்கு அப்பால் புல் மேடு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், நடுவில் ஆறு. அளவு தெரிய ஓர் ஆள் நின்றால் நன்றாக இருக்கும் என்று அவனை நிற்கச் சொன்னேன். பயணத்துக்காகத் தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை. அப்போது எங்களிடம் ஃபிலிம் கேமராதான். கண்ணை வைத்துப் பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு மரக்கிளை குறுக்கே வந்தது.

"கொஞ்சம் பின்னால போ, பங்காளி. கெளை மறைக்குது."

போனான். திரும்பிப் பார்க்கவில்லை. படம் எடுக்கிறவன் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, லென்ஸையே பார்த்துக்கொண்டு கால் மட்டும் பின்னால் போகும். இத்தனை வருஷத்தில் எத்தனை மாப்பிள்ளை, எத்தனை பொண்ணு பார்த்திருக்கிறேன். நேராக என்னைப் பார்த்தான். கிளை விலகியது. அழுத்தினேன். நல்ல படம்.

"இன்னும் ஒரு எட்டு" என்றேன்.

பிறகு கேமராக் கண்ணாடியில் பள்ளத்தாக்கு மட்டும் இருந்தது. பின்னணிக்கு அதுவும் நல்ல படம்தான். அழுத்தினேன்.

ஏட்டய்யா உட்காருவது நல்லது. ஆமாம், அந்தப் பின்னணிதான். இந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாண ஆல்பங்களில் அதுதான் இருக்கிறது. வெளிச்சம் அப்படி அமைந்துவிட்டது. வேறு எதைக் காட்டினாலும் ஜனங்கள் அதையே கேட்டார்கள்.

ரோலில் இன்னும் கொஞ்சம் ஃபிலிம் மீதி இருந்தது. பாதி ரோலைக் கழுவக் கொடுப்பது வீண். தேயிலைத் தோட்டம், பாறை, ஒரு சின்ன ஓடை என்று எடுத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். சத்தமெல்லாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கீழே காடு அடர்த்தி. அந்த வருஷமோ அடுத்த வருஷமோ யாரும் எதையும் கண்டெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. தேடினால்தானே கிடைக்கும். துபாய்க்குப் போனவனை மேகமலையில் யார் தேடுவார்கள்.

சாயங்காலம் சின்னாத்தா வீட்டுக்குப் போய், ஏறி உட்கார்ந்துவிட்டான், ஜன்னல் சீட் கிடைத்தது என்று சொன்னேன். ஜன்னல் சீட் என்றதும் சந்தோஷப்பட்டது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றது. சாப்பிட்டேன்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது உண்மை. சின்னாத்தா கேட்டது, நான் கொடுத்தேன், அவ்வளவுதான். மெயில் வந்ததா என்று பிரவுசிங் சென்டருக்கு வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்டுவேன். நானே எழுதியதை நானே வாசிப்பது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. போன் ஏன் பண்ண மாட்டேங்கிறான் என்று கேட்டது. முதல் கம்பெனி சரியில்லை, அங்கிருந்து ஓடிவந்து பேப்பர் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கிறான், போன் பண்ணினால் போலீஸ் பிடித்துவிடும், நீயும் யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு சின்னாத்தா வாயை மூடிக்கொண்டது. அவன் சம்பளம் என்று மாதாமாதம் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதமும் தவறியதில்லை. துபாயில் நிஜமாக இருக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் அப்படிக் கொடுப்பதில்லை.

முதல் தீபாவளிக்கு ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டது. அங்கன எப்படி இருக்கானோ, இளைச்சுட்டானோ என்னமோ என்றது.

அந்த ரோலைக் கழுவி ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். அந்த வெள்ளைச் சட்டைப் படம்தான் அவன் முகத்துக்குக் கடைசிப் படம், தெளிவான படமும் அதுதான். கம்பத்து உசேன் லீவில் வந்தபோது பிரிண்ட் போடக் கொடுத்த துபாய்ப் படங்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன. உசேன் உடம்பு, திலீபன் தலை, பின்னால் ஒரு உயரமான கட்டிடம். திலீபன் சொன்ன மாதிரியே நீலக்கோட்டில் கண்ணை நிறுத்தினேன். நிஜமாகவே மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. சின்னாத்தா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டு, கொஞ்சம் சதை போட்டிருக்கான் என்றது. உசேன் நல்ல சாப்பாட்டுப் பிரியன்.

அப்புறம் வருஷம் இரண்டு படம், தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. உசேன் உடம்பே எத்தனை தடவை வரும். பிறகு என் உடம்பையே கொடுத்தேன். கடையில் இருந்த அவன் பெட்டியில் சட்டைகள் இருந்தன, எனக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. நானே போட்டுக்கொண்டு நின்று எடுத்து, கழுத்துக்கு மேலே அவனை வைத்தேன். எனக்குத் தொப்பை விழுந்தபோது அவனுக்கும் விழுந்தது. காதோரம் இரண்டு நரை வைத்தேன். கன்னத்தை லேசாக இறக்கினேன். கண்ணை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பழைய ஃபைலையே திறந்து, அந்த நீலக்கோட்டிலேயே வைத்து, அந்த அளவிலேயே பிரிண்ட் போட்டேன். ஏழு வருஷம் அவனை நான் வளர்த்திருக்கிறேன், அய்யா. பெற்ற அம்மாவுக்கு அடுத்தபடி அவன் முகத்தை இத்தனை தடவை பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

விஜி என்று ஒரு பெண் இருக்கிறது. சின்னாத்தாவின் தம்பி மகள், சின்னமனூர், திலீபனுக்கு முறைப்பெண். அவன் கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தது. வருஷா வருஷம் வேறு வரன் வரும், அது வேண்டாம் என்று சொல்லிவிடும். ஒரு தடவை சின்னாத்தா கேட்டுக்கொண்டதால் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஜோடிப் படம் செய்து கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறதாம். இப்போது முப்பதை நெருங்கிவிட்டது. இனிமேல் வருகிறவர்கள் இரண்டாம் தாரமாகத்தான் கேட்பார்கள் என்று அதன் அப்பா புலம்புகிறார். அதில் எனக்கும் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், குடிக்காத, கை நீட்டாத, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் முகம் காட்டுகிற ஆம்பளை இந்த ஊரில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கிறான்.

இந்த ஆவணியில் விஜியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வருகிறாரா இல்லையா, அக்கா கையடித்து வாக்குக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் முடித்துவிடுகிறேன் என்று. சின்னாத்தா என்னிடம் வந்தது. அங்கே பொதுமன்னிப்பு அறிவிக்கப்போகிறார்கள், தைக்குள் வந்துவிடுவான், வாக்குக் கொடு என்றேன். தை வரும்போது வேறொன்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருந்தது.

வாக்குக் கொடுக்கப் போகும்போது வெறுங்கையோடு போகாமல், இத்தனை வருஷப் படத்தையும் ஒரே சட்டத்தில் போட்டுச் சம்பந்தி வீட்டில் மாட்ட வேண்டும் என்று சின்னாத்தாவுக்கு ஆசை. என்னிடம் சொல்லியிருந்தால் நானே செய்துகொடுத்திருப்பேன். எனக்கு எதற்குச் சிரமம் என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷானவாஸ் பாய் கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டது. நடுவில் முட்டை வடிவத்தில் துளை வெட்டிய அட்டை வைத்து, துளைக்குத் துளை முகம் தெரிகிற மாதிரி பாய் சட்டம் போடுவார்.

நேற்று காலையில் சட்டத்தோடு கடைக்கு வந்தது. பெஞ்சில் உட்காரவில்லை. மேசைமேல் சட்டத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசியது. குரலில் ஒன்றும் இல்லை, காய்கறி விலை சொல்கிற மாதிரி இருந்தது.

"பாய் சிரிச்சாக பாண்டி. எல்லாரு படத்துக்கும் ஒவ்வொண்ணா அளவெடுத்துத்தான் அட்டை வெட்டணுமாம். இதுல முத படத்துக்கு வெட்டுன அளவே கடைசி வரைக்கும் சரியா இருந்துச்சாம். 'ஒரு நூலு பெசகல ஆத்தா, துபாய்ல தரையில கோடு கிழிச்சு நிக்க வச்சுப் படம் எடுப்பாகளோ'ன்னு கேட்டாக. நானும் சேந்து சிரிச்சுட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்."

நானும் சிரித்தேன்.

"வீட்டுல வச்சுப் பாத்தேன். எம்மகன் ஒரு எடத்துல நிக்கிறவனாடா. சோறு திங்கையிலயே நாலு எடம் மாறி ஒக்காருவான்."

ஸ்டுடியோவில் அப்படித்தான் நிறுத்துவார்கள் சின்னாத்தா என்றேன்.

"இருக்கும். ஆனா எல்லாப் படத்துலயும் ஒரே ஆளத்தான் பாக்குறான். யாரப் பாக்குறான்?"

கேமராவைப் பார்க்கிறான் என்றேன்.

சின்னாத்தா தலையாட்டவில்லை. "தெரியாதவுக எடுத்தா அவன் இப்பிடிப் பாக்க மாட்டான். கூச்சப்படுவான், கண்ணு கீழ போயிரும். இது தெரிஞ்ச ஆளப் பாக்குற பார்வ. நம்பிப் பாக்குறான்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. "வேற பக்கம் பாக்குற மாதிரி ஒரே ஒரு படம் அனுப்பச் சொல்லு பாண்டி. அது வந்த பெறகுதான் அந்தப் புள்ளைக்கு நான் வாக்கு குடுப்பேன்."

சட்டத்தை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது. மறந்து போகிற ஆள் இல்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பைத் திருப்பலாம், தோளைத் திருப்பலாம், தலையைச் சாய்க்கலாம். பழைய படங்கள் இருந்தன, கல்லூரியில் எடுத்தது, கோயிலில் எடுத்தது, அதில் வேறு பக்கம் பார்க்கிறான்தான். அதை எடுத்து நரை வைத்தால் அது வேறு யாரோ. இந்த முகத்தில் கருவிழியை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தால் மறுபடி என்னைத்தான் பார்க்கிறான். அப்போதுதான் அவன் சொன்ன அந்த இரண்டாவது பாடம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தட்டி விலக்கியிருந்தால் போதும். அவ்வளவு சின்ன வேலை.

அலுத்துவிட்டது, அய்யா. பயம் என்று எழுதாதீர்கள், பச்சாத்தாபம் என்றும் எழுத வேண்டாம். நான் தொப்பை வைத்து, நரை வைத்து, சட்டை மாற்றி, மெயில் எழுதி, அவனுக்காக நானே சிரித்து, அவனுக்காக நானே விசாரித்து. ஒரு ஆளின் வேலையைச் செய்தாலே ராத்திரி இடுப்பு வலிக்கிறது. நான் இரண்டு ஆளாக இருந்திருக்கிறேன்.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். சட்டத்துக்குப் பின்னால் ஒரு கவர் இருக்கும், அதில் அந்த ரோலின் நெகட்டிவ். பக்கத்துப் பக்கத்து இரண்டு படம், ஒன்றில் அவன் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். இரண்டையும் வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மலை மேல் மலை விழும். ஆறு மேல் ஆறு விழும். வரப்புகூடப் பிசகாது. கை நடுங்கியிருந்தால் அப்படி விழாது. ஸ்டாண்டு போட்டு எடுத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை, கையில் வைத்துத்தான் எடுத்தேன்.

பாய் தமாஷாகத்தான் கேட்டார், தரையில் கோடு கிழித்து நிற்க வைத்தார்களா என்று. கோடு கிழிக்கவில்லை. கல் வைத்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மேலே போயிருந்தேன். புல் எங்கே முடிகிறது, எங்கே முடிந்த மாதிரி தெரியாமல் முடிகிறது என்று படுத்துப் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கல், அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று. ஸ்டுடியோவில் தரையில் அடையாளம் வைக்கிற மாதிரிதான். கிளை எங்கே குறுக்கே வரும் என்பதும் எனக்கு முன்னமே தெரியும். நீங்கள் வந்தால் காட்டுகிறேன். என்னுடைய கல் இன்னும் அங்கேதான் கிடக்கும்.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். சின்னாத்தாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். தீபாவளிப் படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நீலச் சட்டை, சின்னாத்தாவுக்குப் பிடித்த நிறம். ஏட்டய்யாவைக் கூட அனுப்பினால் போதும், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை கொஞ்சம் விலக்கி வைக்கிறேன்.

எழுதுகிறவர் இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளட்டும். நான் அவனைத் தொடவில்லை. என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. ஒரு எட்டு பின்னால் போ என்றேன், போனான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவன் சொல்ல மாட்டான். நான் சொன்னதை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.